இரண்டாம் செட்டில் வெள்ளைக் கால்கள்

"செத்தது நூத்தி நாப்பத்தி மூணு உசுரு. ஒண்ணுக்கும் ஆதார் கார்டு கிடையாது. சாட்சிங்க எல்லாம் கீச்சு கீச்சுன்னு கத்துதுங்க. இந்தக் கேஸை எந்த தைரியத்துல மேடம் எடுத்தீங்க?"

முனிராஜ் கார்க் கண்ணாடியை இறக்கினார். அனல் முகத்தில் அறைந்தது. உடனே ஏற்றிக்கொண்டார். முப்பத்தொரு வருடம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பிரியதர்ஷினியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர். தருமபுரி பஸ் நிலையம் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை. மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிப்பதுதான் அங்கே பெரும்பாலும் வேலை.

பிரியதர்ஷினி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது. நான்கு மணிக்குக் கோழிக் கம்பெனியின் மேலாளர் பாப்பிரெட்டிப்பட்டிப் பண்ணைக்கு வருகிறார். பார்த்துவிட்டுக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்போகிறார், கோழித் தீவனத்தில் விஷம் கலந்ததாக. குற்றம் சாட்டப்படப்போகிறவர் பின்சீட்டில் ஒரு துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சின்னக்கா, சித்தேரி மலைக்காரர். அவரும் இருபத்திரண்டு பெண்களும் சேர்ந்து காட்டில் பறித்த மூலிகைகளை இடித்துக் கோழிப் பொடி செய்கிறார்கள். கம்பெனிக் கோழிகளுக்கு ஆன்டிபயாடிக் மருந்து கலந்த தீவனம்தான் வழக்கம். வாங்குகிறவர்கள் இப்போது மருந்தில்லாத கோழி கேட்கிறார்கள். அதனால் பச்சியப்பன் என்பவரின் பண்ணையில், இரண்டு செட்டுகளில், அதாவது கோழிக் கொட்டகைகளில், ஒரு சோதனை நடந்தது. ஒன்றாம் செட்டுக்கு மருந்துத் தீவனம். இரண்டாம் செட்டுக்கு அதே தீவனம், மருந்துக்குப் பதில் சின்னக்காவின் பொடி. முப்பத்தைந்தாம் நாள் எடை பார்க்க வேண்டும். பொடிக் கோழி ஜெயித்தால் தாலுகா முழுவதும் அவர்கள் பொடிதான்.

நேற்று அந்த முப்பத்தைந்தாம் நாள். மாலை நான்கு மணிக்கு எடை போடுவதாக இருந்தது. மூன்றரைக்கு இரண்டாம் செட்டில் கோழிகள் குவியலாகச் செத்துக் கிடந்தன.

"லேபுக்கு அனுப்பறாங்களாமே. முடிவு வர்ற வரைக்கும் பொறுக்க மாட்டாங்களா?" என்றார் முனிராஜ்.

"ஒரு வாரம் ஆவுமாங்க" என்றார் சின்னக்கா. "அதுக்குள்ள எங்க பேரு நாறிப் போயிடும். மலைக்காரி விஷம் வெச்சான்னு ஒருக்கா சொல்லிட்டா, அப்புறம் லேபு சொல்றத எவன் கேக்கப் போறான்?"

கட்டணமாக அவர் கொண்டுவந்த அரை மூட்டை சாமை டிக்கியில் இருந்தது.

"அந்த எஸ்.ஐ. பரீட்சையில மட்டும் பாஸாகியிருந்தா, மேடம், நீங்க இந்நேரம் ஜீப்புல போவீங்க. சாமை மூட்டையோட போயிருக்க மாட்டோம்."

"ரெண்டு மார்க்குல போச்சுண்ணா."

"தெரியும். முப்பது தடவை சொல்லிட்டீங்க."

அவளும் அவள் கணவரும் ஒரே வருடம், ஒரே ஹாலில் எழுதிய பரீட்சை அது. அவர் இப்போது ஓசூரில் இன்ஸ்பெக்டர். அவர் சாப்பிட்டாரா என்று கேட்கிற உரிமை இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. பிரியதர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பண்ணை வாசலில் பச்சியப்பன் கைகட்டி நின்றார். ஐம்பது வயதிருக்கும். கோழி வளர்ப்பில் இருபது வருடப் பழக்கம் என்பதை அவர் நிற்கிற விதமே சொன்னது. பக்கத்தில் கம்பெனி சூப்பர்வைசர் சந்திரமோகன், காலடியில் ஒரு தெர்மகோல் பெட்டியோடு.

"துப்பறியறவங்களா? கோழிக்கா?" சந்திரமோகன் சிரித்தார். "நான் ஆரம்பத்துலயே சொன்னேன் மேடம். தழையைத் தின்னா ஆடு வளரும், கோழி வளராது. யாரு கேட்டா?"

"பெட்டியில என்ன சார்?"

"லேபுக்குப் போற சாம்பிள். செத்ததுல அஞ்சு, ஐஸ்ல வெச்சிருக்கேன். மிச்சமெல்லாம் நேத்தே குழி தோண்டிப் புதைச்சாச்சு."

"செட்டைப் பார்க்கலாமா?"

பச்சியப்பன் ஒன்றாம் செட்டுக்கு அழைத்துப் போனார். வாசலில் ஊதா நிற மருந்துத் தண்ணீர்த் தட்டு. கால் நனைத்துவிட்டு உள்ளே போனதும் முனிராஜுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. தரையில் பரப்பிய உமி ஈரமாகி, மூக்கைத் துளைக்கும் நெடி. இரண்டாயிரத்து ஐந்நூறு கோழிகள் வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்தன.

"மொத்தமா ஒரு தலை எண்ணிக்கை எடுத்துட்டா என்ன? நான் முப்பத்தோரு வருசம் பண்ண வேலைதான்."

"இந்த வெயில்ல கலைச்சா இன்னும் நூறு சாவும்" என்றார் பச்சியப்பன். "அதுங்க டிக்கெட் எடுத்துட்டு உக்காந்துக்கிட்டு இருக்கலீங்க."

பதிலுக்குப் பதில் கிடைத்த மகிழ்ச்சியில் முனிராஜ் நிமிர்ந்தார். தொங்கிக்கொண்டிருந்த தீவனத் தட்டு ஒன்று நெற்றியில் இடித்தது.

"யோவ்! இது ஏன் இவ்ளோ உசரத்துல தொங்குது? கோழி எகிறிக் குதிச்சா தின்னும்?"

"பத்து மணிக்குக் கயித்தை இழுத்துத் தூக்கிக் கட்டிருவோம். நாலு மணிக்குத்தான் எறக்குவோம். உச்சி வெயில்ல வயிறு ரொம்பத் தின்னா கோழிக்கு ஒடம்பு கொதிச்சு மூச்சு முட்டிப் போயிடும். கோழி வளக்கற எல்லாருக்கும் தெரியும்."

இரண்டாம் செட் வாசலில் பச்சியப்பன் நின்றுவிட்டார். "நீங்க பாருங்க. அது அவ செட்டு. நான் போறதில்ல."

'அவ' என்றது அவர் மனைவி அமுதவல்லியை. செம்பில் மோர் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினாள். சின்னக்காவுக்கு ஊற்றும்போது மட்டும் மோர் டம்ளரைத் தாண்டி வழிந்தது. அழுதழுது வீங்கிய கண்கள். மலையிலிருந்து இந்தப் பொடியை வாங்கிவந்து, கம்பெனியிடம் பேசி, சோதனைக்கு ஒப்புக்கொள்ள வைத்தவளே அவள்தான் என்று சின்னக்கா காரில் சொல்லியிருந்தார்.

உள்ளே நெடி இல்லை. முனிராஜ் குனிந்து உமியை அள்ளி உதிர்த்தார். பொலபொலவென்று காய்ந்திருந்தது.

"கொடலு நல்லா இருந்தா எச்சம் கெட்டியா வுழும். தரை காயும்" என்றார் சின்னக்கா. அவர் குரலில் அன்று முதல்முறையாக ஒரு நிமிர்வு. "எங்க மலைக் கோழிக்குக் கழிசல் வந்தா நெலவேம்பை அரைச்சு உருட்டிக் குடுப்போம். அதோட கீழாநெல்லி, ஓமம், பூண்டு, மஞ்சளு. அவ்ளோதாங்க பொடி."

பிரியதர்ஷினி அவர் துணிப்பையிலிருந்து ஒரு பிடி பொடியை உள்ளங்கையில் கொட்டி வெயிலில் காட்டினாள். பச்சையும் பழுப்புமான தூளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துணுக்கு. இன்னொன்று.

"இது அஞ்சு சாமான்லயும் சேராதேக்கா."

சின்னக்காவின் முகம் இறுகியது.

"என்கிட்ட மறைச்சா நான் உங்களுக்கு எதிரா வேலை செய்யற மாதிரி ஆயிடும்."

"பூவுங்க" என்றார் மிக மெல்ல. "செண்டுமல்லி. மார்க்கெட்டுல வெலை போவலைன்னா ரோட்டோரம் கொட்டிட்டுப் போயிடறாங்கல்ல, அதை அள்ளியாந்து பாறையில காயப் போட்டு இடிச்சுச் சேத்தேன். கம்பெனிக்குக் குடுத்த சீட்டுல எழுதல. பூவுக்கு மருந்து அடிச்சிருப்பாங்களோ, நாமதான் கொன்னுட்டமோன்னு ராத்திரி பூரா கண்ணை மூடல."

"எதுக்குக்கா சேர்த்தீங்க?"

"கம்பெனிக் கோழிக்குக் காலு வெளுத்துக் கெடந்துச்சுங்க, சீக்காளி மாதிரி. எங்க கோழிக்கெல்லாம் காலு மஞ்சமஞ்சேர்னு இருக்கும். பாக்க மனசு கேக்கல. பூவைத் தின்னா நெறம் ஏறும்."

பிரியதர்ஷினி தரையைப் பார்த்தாள். இரண்டாம் செட்டின் கோழிகள் நடந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான கால்கள், எல்லாம் மஞ்சள் கிழங்கின் நிறத்தில்.

சட்டென்று வெளியே நடந்தாள். தெர்மகோல் பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

"மேடம், அதைத் தொடாதீங்க!" சந்திரமோகன் ஓடிவந்தார்.

ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஐந்து கோழிகள். பத்துக் கால்கள். பத்தும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை.

மணி மூன்று பத்து.

"சந்திரமோகன் சார், ஒன்றாம் செட்டுக் கோழிக்குக் கால் என்ன நிறம்?"

"வெள்ளைதான். காலுக்கு நிறம் குடுக்கற மக்காச்சோளம் இந்தத் தடவை கிடைக்கல, தீவனத்துல கம்புதான் அதிகம். என் பொறுப்புல இருக்கற எல்லாப் பண்ணையிலும் வெள்ளைதான்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை பெட்டிக்குப் போனது.

"தினமும் வெள்ளைக் காலையே பார்க்கறீங்க. அதனால இந்த வெள்ளை உங்க கண்ணுல படல. உள்ள போய்ப் பாருங்க. இரண்டாம் செட்டுல ஒரு வெள்ளைக் கால் காட்டுங்க பார்ப்போம்."

"செத்தா வெளுத்துடும் மேடம்..."

"அதுக்கு இவரு என்ன சொல்றாருன்னு கேளுங்க." முனிராஜ் இரண்டாம் செட்டின் பின்னாலிருந்து வந்தார். கையில் தலைகீழாக ஒரு செத்த கோழி. "இன்னைக்குக் காலையில இயற்கை எய்துனவரு. குப்பைத் தொட்டியில இருந்தாரு. காலைப் பாருங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி மஞ்சள் பூசிக்கிட்டுப் போயிருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை.

பிரியதர்ஷினி ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு கோழியை எடுத்து, கழுத்துக்குக் கீழே விரலால் அழுத்தினாள். கொய்யாக்காய் அளவு கெட்டியாக ஒரு உருண்டை கையில் தட்டுப்பட்டது. அடுத்ததிலும் அப்படியே. ஐந்திலும்.

"பத்து மணிக்குத் தட்டைத் தூக்கினா மூணு மணிக்கு இரைப்பை காலியா இருக்கணும். இதுங்க மூக்கு முட்டத் தின்னிருக்கு. இதுங்களைக் கொன்னது விஷம் இல்ல. மத்தியானச் சாப்பாடு."

சந்திரமோகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எடை போடறதுக்கு முன்னாடி தீனி காட்டறது... வியாபாரிங்க இதுக்காகவே கழுத்தை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாங்க. ஒரு கோழிக்கு அம்பது, அறுபது கிராம் ஏறும்." அவர் தலை மெதுவாகத் திரும்பியது. "ஒன்றாம் செட்டு யாரோடது, பச்சியப்பா?"

பச்சியப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. "நானு? இந்தத் தழைக் கோழிகிட்ட ஜெயிக்கறதுக்கு நான் திருட்டுத் தீனி போடணுமா? நேத்துப் பத்து மணிக்குத் தட்டைத் தூக்கிக் கட்டிட்டுப் பொம்மிடிக்குக் கல்யாணத்துக்குப் போனவன். பந்தியில எனக்குப் பக்கத்து எலையில உக்காந்து ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சது யாரு? சொல்லு!"

சந்திரமோகன் விழித்தார். "ஆமா மேடம். என்கூடத்தான் இருந்தாரு. மூணரைக்கு என் வண்டியிலதான் ரெண்டு பேரும் திரும்பி வந்தோம்."

சந்தேகப்பட வைத்திருந்த இரண்டு பேரும் ஒரே பந்தியிலிருந்து எழுந்து கைகழுவிவிட்டார்கள்.

"மேலாளர்கிட்ட என்ன சொல்ல?" சந்திரமோகனின் கேலியெல்லாம் எங்கோ போயிருந்தது. "கால் வெளுப்பை மட்டும் காட்டினா, பொடி ஒத்துக்காம சீக்கு வந்துதான் வெளுத்துதுன்னு சொல்லுவாரு. அந்த ஆளு அப்படி. எப்படி இடம் மாறுச்சு, யாரு மாத்தினாங்கன்னு கேப்பாரு. அது இல்லாம புகாரை நிறுத்த மாட்டாரு."

சின்னக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மோர்ச் செம்பு கயிற்றுக் கட்டிலில் இருந்தது. அதைக் கொண்டுவந்தவள் இல்லை.

மூன்று முப்பத்தைந்து.

இரண்டாம் செட்டின் கடைசி மூலையில் அமுதவல்லி நின்றிருந்தாள். தூணில் ஒரு தொங்கும் தராசு. அதன் கொக்கியைப் பிடித்தபடி, கோழிகளைப் பார்த்துக்கொண்டு. பிரியதர்ஷினி பக்கத்தில் போய் நின்றாள். ஒரு பெண் தன் வேலையிடத்தில் இவ்வளவு ஒடுங்கி நிற்பதைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு பரீட்சை ஹால் ஞாபகம் வந்தது. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பேனாவை மூடி வைத்த கை.

"வாராவாரம் நீங்களே எடை போடுவீங்களா?"

"ஞாயித்துக்கெழமை. ரெண்டு செட்டுலயும்."

"எந்த செட்டு முன்னாடி இருந்தது?"

அமுதவல்லி கொக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அவர்கிட்ட எவ்வளவுன்னு சொன்னீங்க?"

அமுதவல்லி திரும்பினாள். மறைக்க வேண்டியவர்களின் கண்ணில் இருக்கிற பயம் அந்தக் கண்களில் இல்லை. அதைவிடப் பழைய ஏதோ ஒன்று இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுவேனுங்க. என் செட்டு எடையை எப்பவும் கொறைச்சுத்தான் சொல்லுவேன். மொதல் வாரம் பத்து கிராமு. அப்புறம் அம்பது. கடைசியா நூத்தி எம்பது." விரலால் கொக்கியைத் தேய்த்தாள். "போன வருசம் என் பங்குத் தக்காளி அவரு தோட்டத்தைவிட நல்லா வந்துச்சு. அடிக்க மாட்டாரு, வைய மாட்டாரு. பதினோரு நாளு வூட்டுல சோறு திங்கல. பேசல. எதுக்க வந்தா செவுத்தைப் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போவாரு. நேத்து கம்பெனித் தராசு வருதுன்னாங்க. அது என்னை மாதிரி கொறைச்சுச் சொல்லாதே."

"அதனால அவர் செட்டுல தட்டை இறக்கிட்டீங்க."

"ஒரு மணி நேரம் தின்னா போதும்னு நெனைச்சேன். அவரு ஜெயிக்கலைன்னாலும் ரொம்பத் தோக்காம இருந்தாப் போதும். அடுப்பு வேலையைப் பாத்துட்டு வந்தா..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "செத்ததையெல்லாம் தீவன வண்டியில வெச்சு ஆறு நடை. என் செட்டுல கொட்டினேன். என் செட்டுல செத்தா நான் சரியாப் பாத்துக்கலைன்னு போயிடும். எனக்கு அது பழக்கம். சத்தியமாச் சொல்றேன், பொடி மேல பழி வுழும்னு தோணவே இல்ல. பழின்னா என் மேலதான் வுழும்னு இருந்தேன்."

வெளியே தூரத்தில் ஒரு கார் மண்பாதையில் திரும்பும் சத்தம் கேட்டது.

இவளை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தலாம். கேஸ் முடிந்துவிடும். ஆனால் பிரியதர்ஷினி அங்கேயே நின்றாள். தான் இருபது வருடமாக வேறு வேறு பெயர்களில் ஒளித்து வைத்திருந்த ஒன்றை இந்தக் கோழி நெடியில்லாத செட்டில் இன்னொருத்தி அப்படியே எடுத்து வைத்துவிட்டாள்.

"நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரே பரீட்சை எழுதினோம்" என்றாள். "எனக்கு எல்லாக் கேள்விக்கும் விடை தெரியும். அவரை முந்திடக் கூடாதுன்னு ரெண்டை எழுதாம விட்டேன். அவர் பாஸானாரு."

"அவருக்குத் தெரியுமாங்க?"

"தெரியாது. சொல்றதுக்குள்ள போயிட்டாரு. அமுதா, நான் விட்டதுல நஷ்டம் எனக்கு மட்டும்தான். நீங்க விட்டுட்டா வெளிய மண்ணுல ஒருத்தங்க உக்காந்திருக்காங்க. அவங்களுக்குப் பின்னால இருபத்திரண்டு பேரு."

கார்க் கதவு சாத்தும் சத்தம். சந்திரமோகனின் பணிவான வணக்கம். பிறகு அறிமுகமில்லாத ஒரு கனத்த குரல்: "யாரு அந்தப் பொடி பண்ற அம்மா?"

"நான்தாங்க." சின்னக்கா எழுந்து நின்றிருக்க வேண்டும்.

அமுதவல்லி தராசுக் கொக்கியை விட்டாள். அது ஆடி ஆடி நிற்பதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். பிரியதர்ஷினி பின்னால் போனபோது அவள் மேலாளருக்கும் சின்னக்காவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் இறுக்கச் செருகியிருந்தாள்.

"சார், அவங்களை ஒண்ணும் கேக்காதீங்க. பொடியில ஒண்ணும் இல்ல. செத்ததெல்லாம் ஒண்ணாஞ் செட்டுக் கோழி. நான்தான் தட்டை எறக்குனேன். நான்தான் அள்ளியாந்து போட்டேன்."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் என்பதையும் சொன்னாள். பதினோரு நாளையும் சொன்னாள். மேலாளர் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கால்களைப் பார்த்தார். சந்திரமோகன், யாரும் கேட்காமலே, இரைப்பையை அழுத்திக் காட்டினார். முனிராஜ் மஞ்சள் கால் கோழியை ஒரு சாட்சியைப் போல மரியாதையாக நீட்டினார்.

மேலாளர் கையிலிருந்த புகார்த் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ரெண்டு செட்டையும் நாளைக்குக் காலையில நானே நின்னு எடை போடறேன்" என்றார். சின்னக்கா ஓர் அடி முன்னால் வந்தார். அமுதவல்லியின் கையைப் பிடித்தார். திட்டுவதற்கா, தேற்றுவதற்கா என்று அவருக்கே தெரியாதது போல, பிடித்தபடியே நின்றார்.

பச்சியப்பன் அசையவில்லை. அவர் பார்வை மனைவியைக் கடந்து சுவருக்குப் போனது. அந்தப் பார்வையைப் பிரியதர்ஷினி பார்த்தாள். பன்னிரண்டாம் நாள், பதிமூன்றாம் நாள் என்று எண்ணிக்கை அங்கேயே தொடங்கிவிட்டது போலிருந்தது.

"மணி நாலாச்சு" என்றார் முனிராஜ், யாரிடமும் இல்லாமல். "உள்ள ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரு சாப்பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க."

அமுதவல்லி கையை விடுவித்துக்கொண்டு இரண்டாம் செட்டை நோக்கி நடந்தாள். கயிற்றை அவிழ்த்தாள். தட்டுகள் வரிசையாக இறங்கின. மஞ்சள் கால்கள் நாலா பக்கமிருந்தும் ஓடிவந்தன.

வாசலில் நிழல் விழுந்தது. பச்சியப்பன் மருந்துத் தண்ணீருக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"எவ்ளோ?"

அவள் கயிற்றைப் பிடித்தபடி திரும்பினாள். "என்னதுங்க?"

"உன் செட்டு. நெசமான எடை."

அமுதவல்லி தரையைப் பார்த்தாள், கோழிகளைப் பார்த்தாள், பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு கிலோ முப்பது கிராமு."

இந்த முறை ஒரு கிராம்கூட அவள் குறைக்கவில்லை.